மொட்டை வண்டிக்காரர்

பாலுசாமி என்னை ஒருமுறை கன்னத்தில் அறைந்திருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் படிக்கிறவர்கள், இவனுக்கு அந்த மனிதர் மேல் ஏன் இத்தனை எரிச்சல் என்று கேட்கக் கூடாது.

நடந்தது 1988இல், தாராபுரம் பஸ் நிலையத்தில், காலை ஏழே முக்காலுக்கு. அவருடைய பஸ் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தது. நான் நோட்டில் இரண்டு நிமிடம் தாமதம் என்று எழுதினேன். நான் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதத்தான் பஸ் முதலாளிகள் சங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. நான் உட்காரும் கூண்டுக்குள் அவர் வந்தார், நோட்டைப் பார்த்தார், அறைந்தார். அறைந்துவிட்டு, “பிரான்சிஸு, கண்ணு, அதை அடிச்சுப்போட்டுச் சரியா எழுதுப்பா” என்றார். எங்கள் பக்கத்தில் அறைந்தாலும் பேச்சில் கனிவு குறையாது. நான் அடித்து எழுதினேன். அன்றிலிருந்து அந்த மனிதர் எப்போது விழுவார் என்று காத்திருந்தேன்.

விழுவதற்கு ஐந்து வருடம் ஆனது. அதற்கான குழியை அவரே 1974இல், தன் கல்யாணப் பந்தலில் தோண்டி வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பாலுசாமி யாரோ ஒருவரின் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரை விற்று, தாராபுரத்திலிருந்து பல்லடம் வழியாகக் கோயம்புத்தூருக்கு ஓட ஒரு பழைய பஸ்ஸை வாங்கினார். அந்த மாதமே கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் இல்லாமல் கல்யாணம் நடக்காது. இணைச்சீர் என்பார்கள். கூறைப் புடவையின் ஒரு முனை அண்ணன் கையில், மறுமுனை தங்கை கையில், இருவரும் இணையாக நிற்க வேண்டும். தங்கை நாச்சியம்மாளுக்கு அப்போது பதினெட்டு வயது. அப்பா இல்லாத வீடு. பந்தலில் யாரோ ஒரு பெரியப்பா, “தங்கச்சிக்கு என்னப்பா குடுக்கப் போறே, வெறும் சேலையா?” என்று கிண்டலாகக் கேட்டார். பாலுசாமிக்குக் கிண்டல் பிடிக்காது. “எம் பஸ்ஸே அவ பேர்லதானுங்க” என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

சொன்னதோடு விட்டிருக்கலாம். ஆனால் வீம்பு. அடுத்த வாரமே பர்மிட்டைத் தங்கை பேருக்கு மாற்றினார். பஸ்ஸின் நெற்றியில் ‘நாச்சி மோட்டார் சர்வீஸ்’ என்று எழுத வைத்தார். முதல் பஸ் நன்றாக ஓடியது, தங்கை பேர் ராசியானது என்றார்கள். இரண்டாவது பஸ்ஸையும் அந்தப் பேரிலேயே எடுத்தார். மூன்றாவதும் அப்படித்தான். ஏழு பஸ்கள் ஆனபோது ஏழு பர்மிட்டும் நாச்சியம்மாள் பேரில் இருந்தன. அந்த அம்மா ஒரு நாளும் ஷெட்டுப் பக்கம் வந்ததில்லை. கையெழுத்து வேண்டுமென்றால் காகிதம் வீட்டுக்குப் போகும், கையெழுத்தோடு திரும்பி வரும்.

தங்கையைக் கட்டிய சென்னியப்பனைப் பாலுசாமியேதான் ஷெட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தார். சென்னியப்பன் சத்தம் போட மாட்டார், சிரித்தே பேசுவார். பாலுசாமி அறைந்த ஆட்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பது அவர் வேலையாக இருந்தது. எனக்கும் அன்று டீ வந்தது. குடித்தேன்.

1993இல் பாலுசாமி பஸ் நிலையத்தில் பயணிகள் முன்னால் டிரைவர் அங்கப்பனை அறைந்தார். அங்கப்பன் பதினொரு வருடம் அவரிடம் ஓட்டியவர், என்னைப் போலவே காட்டில் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்து ஸ்டியரிங் பிடித்தவர். டிரைவர்கள் எல்லோரும் சாவியை வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு நாள் ஏழு பஸ்ஸும் நின்றன. சென்னியப்பன்தான் பேசி ஓட வைத்தார். என்ன பேசினார் என்பது மூன்றாம் நாள் விடிகாலையில் தெரிந்தது. வழக்கம்போல் முதல் பஸ்ஸை அனுப்ப நாலரை மணிக்குப் போன பாலுசாமியின் சாவி ஷெட்டுப் பூட்டில் நுழையவில்லை. பூட்டு புதிது.

“மொதலாளி தெறக்க வேண்டாம்னு சொல்லிட்டாருங்க” என்றார் வாட்ச்மேன் உள்ளே இருந்து.

“எந்த மொதலாளி?”

பாலுசாமி நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். வீடு முள்ளிவலசில், தோட்டத்துக்குள் இருந்தது. நாச்சியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “அவுங்ககிட்டயே பேசிக்குங்கண்ணா” என்று மட்டும் சொன்னார். வக்கீலைப் பார்த்தபோது வக்கீல் காகிதம் கேட்டார். பத்தொன்பது வருடம் நடத்திய கம்பெனியில் பாலுசாமி பேர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அன்று முதல் அவர் தங்கையோடு பேசவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

அடுத்த ஐந்து வருடம் அவர் யாரோ ஒருவரின் லாரியில் பெருந்துறைக்கும் சத்தியமங்கலத்துக்கும் தேங்காய் லோடு ஓட்டினார். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டார். நாச்சி பஸ்ஸில் ஏற மாட்டார். வேறு பஸ் இல்லாத நேரத்தில் ஏழு மைல் நடந்தார். வழியில் அந்த பஸ் வந்தால் சாலைக்கு முதுகு காட்டி நின்று, போன பிறகு காறித் துப்புவார். நடத்துனர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வண்டியை மெதுவாக்குவார்கள்.

பஸ்ஸே போகாத கிராமங்களுக்கு மினி பஸ் விட அரசாங்கம் பர்மிட் கொடுக்க ஆரம்பித்தபோது, பாலுசாமி முள்ளிவலசுக்கு விண்ணப்பம் போட்டார். எத்தனையோ ஊர் இருக்க, சென்னியப்பன் குடியிருக்கும் ஊர்தான் அவருக்கு வேண்டியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் முதலாளி ஆகப் போகிறவர் மனைவி பேரில் எழுதலாமா என்று யோசித்தாராம். மனைவி சாமியாத்தாள், “எம்பேர்ல எழுதுனீங்கன்னா அன்னைக்கே ஊட்டை உட்டுப் போயிருவேனுங்க. உங்க பேரை எழுதப் பழகுங்க” என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் புத்தி யாருக்கு இருந்தது என்பதற்கு இது போதும்.

1998 தை மாதம் கடனில் வண்டி வந்தது. பெயிண்டர் வந்து நெற்றியில் என்ன பேர் எழுதுவது என்று கேட்டார். “பேரு ஒண்ணும் வேண்டாம். ஊர் பேரை மட்டும் கீழ எழுது” என்றார் பாலுசாமி. இந்த வட்டாரத்தில் சாமி பேரோ பிள்ளை பேரோ இல்லாமல் எந்த வண்டியும் ஓடியதில்லை. சனங்கள் அதற்கு ‘மொட்டை வண்டி’ என்று தாங்களே பேர் வைத்தார்கள்.

அவரிடம் வேலை செய்ய நடத்துனர் யாரும் வரவில்லை. கன்னத்தைக் கொண்டுபோய் யார் கொடுப்பார்கள்? கடைசியில் தோல் பையை அவரே கழுத்தில் மாட்டிக்கொண்டார். டிரைவர் ஒருவர்தான் கிடைத்தார். அதே அங்கப்பன்தான். காரியம் முடிந்ததும் சென்னியப்பன் அவரையும் சிரித்துக்கொண்டே வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். “ஓட்டறேனுங்க. ஆனா இன்னொருக்கா கை நீட்டுனீங்கன்னா, நடுரோட்டுலயே சாவியைப் போட்டுட்டுப் போயிருவேனுங்க” என்றார் அங்கப்பன். பாலுசாமி தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் யாரையும் அறைந்ததில்லை. வாய் மட்டும் குறையவில்லை. கூடைக்கு லக்கேஜ் கேட்டுக் கிழவிகளோடு சண்டை போடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை உள்ளே தள்ளி நெருக்குவார். எனக்கு மாமியார் ஊர் முள்ளிவலசு, குடியிருப்பதும் அங்கேதான். தினமும் அந்த வண்டியில்தான் வருகிறேன். என்னிடம் ஒரு நாள்கூட அவர் டிக்கெட் கேட்காமல் விட்டதில்லை.

நானும் விடவில்லை. பஸ் நிலையத்துக்குள் வரும் ஒவ்வொரு வண்டியின் நடத்துனரும் என் ஜன்னலில் வந்து நின்று நேரம் எழுதிக்கொண்டு போக வேண்டும். ஏழு பஸ்ஸுக்கு முதலாளியாக இருந்த மனிதர் வியர்த்து வழிய என் ஜன்னலில் நிற்பார். நான் பேனாவைத் தேடுவேன். மை வரவில்லை என்று உதறுவேன். “கொஞ்சம் நில்லுங்க கண்டக்டர்” என்பேன். அந்தக் ‘கண்டக்டர்’ என்ற வார்த்தை என் வாயில் கருப்பட்டியாக இனித்தது.

நாச்சி பஸ்காரர்கள் என்னைவிட மோசம். டயரில் காற்றைப் பிடுங்கினார்கள். ஊர்ப் பலகையில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். மொட்டை வண்டி வரும் நேரத்துக்குச் சரியாகப் பஸ் நிலைய வாசலில் ஒரு பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தி, டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார். பாலுசாமி ஜாக்கிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கிக் கத்துவார். பத்து நிமிடம் போய்விடும். நான் பத்து நிமிடம் தாமதம் என்று எழுதுவேன். என் நோட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதை வெறுமையாக விட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன்.

அந்த வெறும் கட்டம் என்ன செய்யும் என்பது வைகாசியில் தெரிந்தது. நாச்சி மோட்டார் சர்வீஸ் ஒரு மனுப் போட்டது. மொட்டை வண்டி நேரத்துக்கு வருவதில்லை, மில்லுக்குப் போகிற பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் அவதிப்படுகிறார்கள், ஆகவே எங்கள் பஸ் ஒன்றை முள்ளிவலசு வழியாகக் காலை 7.05க்கு விட அனுமதி வேண்டும் என்று. மொட்டை வண்டியின் நேரம் 7.10. நாள் முழுக்க அந்த ஒரு நடைதான் நிறைந்து வரும். மற்ற நடையெல்லாம் காற்றுதான் பயணம் செய்யும். ஐந்து நிமிடம் முன்னால் பெரிய பஸ் ஒன்று வந்து அள்ளிக்கொண்டு போனால், மொட்டை வண்டி ஒரு மாதம் தாங்காது. பாலுசாமி இரண்டாவது முறையாக ஆரம்பித்ததும் போய்விடும். மூன்றாவது முறை ஆரம்பிக்க அவருக்கு வயதும் இல்லை, விற்கக் காடும் இல்லை.

ஆர்.டி.ஓ. ஆபீசில் டைமிங் மீட்டிங் ஒரு திங்கட்கிழமை பதினொன்றரைக்கு. பர்மிட்காரர்கள் நேரில் வர வேண்டும், வராவிட்டால் மனு தள்ளுபடி என்று எழுதியிருந்தது. எனக்கும் நோட்டை எடுத்துவரச் சொல்லி ஆள் வந்தது. அந்த மாதம் மட்டும் இருபத்தாறு நாள் தாமதம்.

அன்று காலை நான் பத்து மணி நடையில்தான் கிளம்பினேன். சந்தை நாள் என்பதால் அன்று எல்லா நடையும் நிறைந்திருந்தது. முள்ளிவலசைத் தாண்டித் தோட்டத்துத் தடம் பிரியும் இடத்தில் நாச்சியம்மாள் கைப்பையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். வக்கீலைக் கூட்டிவரச் சென்னியப்பன் விடிகாலையிலேயே காரில் கோயம்புத்தூர் போயிருந்தார். காரைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், வரவில்லை. அந்தத் தடத்தில் வேறு வண்டி கிடையாது. மொட்டை வண்டியை மூடுவதற்குக் கையெழுத்துப் போடப் போகிற அம்மா, மொட்டை வண்டிக்குக் கை காட்டினார்.

வண்டிக்குள் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். அங்கப்பன் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் முதலாளியைப் பார்த்தார். பாலுசாமி படியில் நின்றிருந்தார். விசில் வாயில் இருந்தது, ஊதவில்லை. வண்டி அந்த அம்மாவைத் தாண்டிப் போனது. நிற்காமல் போயிருந்தால் அன்றே எல்லாம் அவர் பக்கம் முடிந்திருக்கும். ஐம்பது அடி போன பிறகு விசில் கேட்டது. ஏன் ஊதினார் என்று பிற்பாடு அங்கப்பன் கேட்டதற்கு, “கை காட்டுனா நிறுத்தோணுமல்ல, பஸ்ஸுதானே ஓட்டறோம்” என்றாராம்.

நாச்சியம்மாள் ஓடிவந்து ஏறினார். யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

“எங்க போகோணும்?” என்றார் பாலுசாமி. ஐந்து வருடத்துக்குப் பிறகு தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை.

“தாராபுரம்.”

“ரெண்டு ரூவா.”

அந்த அம்மா அண்ணன் முகத்தைப் பார்த்தார். எங்கள் ஊரில் உடன்பிறந்தவளை வெறுங்கையோடு வாசல் தாண்ட விட மாட்டார்கள். கொடுக்க ஒன்றும் இல்லாதவன்கூட ஒரு படி கடலைக்காயையாவது மடியில் கட்டி அனுப்புவான். அவளிடம் காசு கேட்டு வாங்குவது செத்த வீட்டில் சண்டை போடுவதற்குச் சமம். நாச்சியம்மாள் பத்து ரூபாய்த் தாளை நீட்டினார்.

“சில்லறை இல்லாம ஏறப்படாது” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பையைத் துழாவி, எட்டு ரூபாயை அவர் உள்ளங்கையில் வைத்து, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார் பாலுசாமி. முகத்தில் வெற்றி தெரிந்தது. எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

பஸ் நிலைய வாசலில் வழக்கம்போல ஒரு நாச்சி பஸ் குறுக்கே நின்றது. அதன் டிரைவர் டீக்கடையில் இருந்தார். பாலுசாமி இறங்கிக் கத்தினார். நாச்சியம்மாள் முன்பக்கக் கண்ணாடி வழியே தன் பேரை, ஒரு முழ உயரத்துக்கு மஞ்சளும் சிவப்புமாக எழுதியிருந்த தன் பேரைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபீசில் சென்னியப்பன் வக்கீலோடு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை. வக்கீல் என் நோட்டை விரித்து இருபத்தாறு நாளையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அதிகாரி என்னைப் பார்த்து, “இத்தனை நாள் லேட்டுக்கு என்னங்க காரணம்? ஒண்ணுமே எழுதலையே” என்றார்.

பாலுசாமி என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, முறைத்தார். அந்த முறைப்பில் எனக்குப் பத்து வருடத்துக்கு முந்தைய கன்னம் எரிந்தது.

“தெரியாதுங்க” என்றேன்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். திறந்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு, “பர்மிட் ஹோல்டர் நாச்சியம்மாள் யாருங்க?” என்று கேட்டார். அந்த அம்மா எழுந்து நின்றார். “நீங்க அந்த ஊர்தானேம்மா? வண்டி எப்படி வருது?”

“அவுங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க” என்றார் சென்னியப்பன் சிரித்தபடி.

“நான் அவுங்களைத்தானே கேட்டேன்.”

நாச்சியம்மாள் மூடியிருந்த கையை விரித்தார். வியர்வையில் நனைந்த டிக்கெட் உள்ளே இருந்தது. “இன்னைக்கு அதுலதானுங்க வந்தேன். எங்க தடத்துக்கு டயத்துக்குத்தான் வந்துச்சு. பஸ் ஸ்டாண்டு வாசல்லதான் பத்து நிமிசம் நின்னுபோச்சுங்க.”

“எதுனால?”

“எம்பேரு எழுதுன பஸ்ஸு குறுக்கால நின்னுதுங்க.”

சென்னியப்பனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “நாச்சி!” என்றார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பி, “கேட்டாருங்க. சொன்னேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதிகாரி மறுபடியும் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் நடந்ததைச் சொன்னேன். ஒரு பொம்பளை சொன்ன பிறகுதான் எனக்கு வாய் வந்தது என்று எழுதவே கூசுகிறது. மனு தள்ளுபடியானது. 7.05 இல்லை.

சென்னியப்பன் மனைவியை விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கூண்டுக்குத் திரும்பியபோது ஒன்று இருபது நடைக்கு மொட்டை வண்டி ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றிருந்தது. உள்ளே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நாச்சியம்மாள் வெயிலில் நடந்து வந்து ஏறினார். பாலுசாமியின் முகமே வேறு மாதிரி ஆகியிருந்தது. முதல் வரிசையில் இருந்த ஒருவரை எழுப்பிவிட்டு, தோள் துண்டால் சீட்டைத் தட்டினார்.

“உக்காரு அம்மணி” என்றார், வண்டி முழுக்கக் கேட்கும்படி. பந்தலில் பேசிய அதே குரலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்த அம்மா உட்காரவில்லை. “டிக்கெட் குடுங்க” என்றார்.

“அட, உனக்கெதுக்கு அம்மணி டிக்கெட்டு? நம்ம வண்டி.”

“காலைல கேட்டீங்கல்ல?”

“காலைல ஏதோ கோவத்துல... உடு அம்மணி.”

“அண்ணா,” என்றார் நாச்சியம்மாள். குரலை உயர்த்தவில்லை. “அன்னைக்குப் பந்தல்ல எனக்கு பஸ்ஸு வேணும்னு நான் கேட்டனுங்களா? நீங்களா எம்பேரை எழுதுனீங்க. அப்பறம் அவரு அதையே வெச்சு உங்களை வெளிய தள்ளுனாரு. ரெண்டு பேரும் எம்பேரைத்தான் வெச்சிருந்தீங்க. எனக்கு என்ன வேணும்னு இத்தனை வருசத்துல யாரும் கேக்கலீங்க. இன்னைக்குக் காலைலதான் கேட்டீங்க, எங்க போகோணும்னு. அதையே இப்பவும் கேளுங்க.”

அங்கப்பன் சாவியில் கை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பாலுசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொள்ள மறந்து கையிலேயே பிடித்திருந்தார். ஏழு பஸ்ஸும் போனபோதுகூட அந்த மனிதரை நான் அப்படிப் பார்த்ததில்லை. அவரைப் பார்த்து எனக்கு முதல்முறையாகச் சந்தோஷம் வரவில்லை.

“எங்க போகோணும்?” என்றார் கடைசியில். குரல் எழும்பவில்லை.

“முள்ளிவலசு.”

“ரெண்டு ரூவா.”

நாச்சியம்மாள் இரண்டு ரூபாய் நாணயத்தை நீட்டினார். இந்தத் தடவை சில்லறை வைத்திருந்தார்.